யசோதினியின் சிவப்பு மை

அத்தியாயம் 14

சென்ற வாரம் யசோதினியை ஒரு கைத்தொலைபேசித் திரையின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். அதில் அச்சகத்துச் சதீஸ்குமார் அனுப்பியிருந்த அட்டைப்படம். கோட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அண்ணன் மோகனராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'மோகன் சேரின் ஆங்கில இலக்கணம்' என்று பெரிய எழுத்து. கீழே சதீஸ்குமாரின் ஒரே ஒரு கேள்வி: "மிஸ், உங்க பேர் விடுபட்டுப் போச்சா?"

விடுபட்டுப் போகவில்லை. கூடவே அவன் அனுப்பியிருந்த மூன்றாம் பக்கத்து மூலையில், பெயர் சொல்லாமல், அவளும் இருந்தாள். 'தட்டெழுத்தில் உதவிய என் தங்கைக்கு நன்றி.'

யசோதினிக்குத் தட்டெழுதவே தெரியாது. அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் ஆறு வருடமாகக் கையால் எழுதியவள் அவள்.

அன்று சனிக்கிழமை. கண்டி மஹய்யாவ வீட்டுக் குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. சிரட்டை வரைக்கும் சுரண்டிவிட்டாள். வெள்ளைத் துருவலில் பழுப்பு விழத் தொடங்கியிருந்தது.

"போதும்டி. சம்பலுக்கு யாரும் சிரட்டையைப் போடுறதில்ல," என்றாள் அம்மா அன்னலட்சுமி.

அம்மா கருவாடு சுற்றி வந்த பத்திரிகைத் தாளைக் கண்ணருகே பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். பன்வில மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்திலிருந்தே அது அவள் பழக்கம். தமிழில் அச்சடித்த எதுவும் அவள் வாசிக்காமல் அந்த வீட்டுக் குப்பைக்குப் போனதில்லை.

மோகனராஜ் குளித்துவிட்டு, ஷேர்ட்டின் கைப் பொத்தானைப் போட்டபடி வந்தார்.

"யசோ, ஷீட் எங்க?"

"எழுதல."

"என்ன எழுதல?"

"ஷீட். எழுதல."

அந்த ஷீட் என்பது இரண்டு தாள்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் யசோதினி எழுதிக் கொடுப்பாள். நீல மையில் பாடம். சிவப்பு மையில் அண்ணனுக்கான குறிப்புகள்: எங்கே நிறுத்துவது, எங்கே சிரிக்க வைப்பது, எதைத் தொடாமல் தாண்டிவிடுவது. மோகனராஜுக்கு உயரம் இருந்தது. குரல் இருந்தது. இருநூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கும் மிடுக்கு இருந்தது. ஆங்கில இலக்கணம்தான் அவ்வளவாக இல்லை. அது தங்கையிடம் இருந்தது. அந்த வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வெளாடாத யசோ. பத்து மணிக்கு செமினார். ஓ.எல். பரீட்சைப் பிள்ளைங்க இருநூறு பேர் வாராங்க. இன்னைக்கு சொல்வகை எட்டும் எடுக்கிறேன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கேன்."

"எடுங்களேன். அட்டையில இருக்கிறவரே எடுக்கட்டும்."

மோகனராஜின் கை பொத்தானில் நின்றது. "ஓ, அதுவா. பிரஸ்காரன் அனுப்பிட்டானா?"

"அதுவா?" அவள் துருவலை அப்படியே விட்டு எழுந்தாள். "ஆறு வருசம். உங்களுக்கு அது 'அதுவா'வா?"

"கத்தாத. மஹய்யாவயில இருந்து கட்டுகஸ்தோட்ட வரைக்கும் சுவருல ஒட்டியிருக்கிறது யாரோட மூஞ்சி? உன்னோடதா? பிள்ளைங்க மோகன் சேர்னு கேட்டுத்தான் வாராங்க. யசோதினின்னு கேட்டு ஒரு பிள்ள வந்திருக்கா?"

"பேரை வெளிய விட்டிருந்தா வந்திருக்கும்."

"நாளைக்கு நீ கல்யாணம் கட்டிப் போவ. பேருக்குப் பின்னால இன்னொருத்தன் பேர் வந்து ஒட்டும். அப்ப புத்தகத்தையெல்லாம் திரும்ப அடிக்கிறதா? யோசிச்சுப் பேசு."

"எனக்கு டைப்பிங் தெரியாது. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

அம்மா குறுக்கே வந்தாள்.

"யசோ, இன்னைக்குப் பேசாத. வகுப்பு முடியட்டும்."

யசோதினிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துக்கத்தினால் இல்லை, கோபத்தினால். "நீங்களும் அவர் பக்கம்தானாம்மா?"

அம்மா பத்திரிகைத் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மோகனராஜ் பையைத் திறந்து, இன்னும் அட்டை போடாத ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் தட்டினார். காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதி. "புத்தகமே கையில இருக்கு. உன் ஷீட் எனக்கு எதுக்கு?"

அவர் போய்விட்டார். ரொட்டி அப்படியே ஆறிக் கிடந்தது.

பத்து நிமிடம் கழித்து யசோதினியும் பயிற்சித்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கோபம் அண்ணனோடு. பன்விலயிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்த பிள்ளைகளோடு இல்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து மாடி மண்டபம் நிரம்பி வழிந்தது. கதிரை கிடைக்காதவர்கள் ஜன்னல் விளிம்பில் இருந்தார்கள். யசோதினி வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றாள்.

மோகனராஜ் பலகையில் எட்டுச் சொல்வகைகளையும் எழுதினார். பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை, வினையடை என்று எழுத்து அழகாகவே வந்தது. எழுதி முடித்ததும் திரும்பி நின்றார். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்பது ஷீட்டில் இருந்திருக்க வேண்டும்.

"பெயர்ச்சொல்னா... பெயரைக் குறிக்கிற சொல்," என்றார். "வினைச்சொல்னா வினையைக் குறிக்கிறது. பாடமாக்கிக்கோங்க."

பிள்ளைகள் காத்திருந்தார்கள். மோகன் சேர் இப்படி வறண்டு போய் அவர்கள் பார்த்ததில்லை. பின்னால் யாரோ கொட்டாவி விட்டான்.

மோகனராஜ் சமாளித்தார். "சரி, ஒரு விசேஷம். என்னோட புத்தகம் வருது. முதல் பிரதி இது. இதுல இருந்து ஒருத்தர் வாசிங்க, கேட்போம்." முன் வரிசையில் இருந்த ஷஹ்மாவிடம் புத்தகத்தை நீட்டினார். "சத்தமா வாசிக்கணும், என்னா?"

ஷஹ்மா எழுந்தாள். கணீரென்ற குரல்.

"ஒரு சொல் யார் என்று கேட்காதே. இந்த வசனத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று கேள். குடிக்கத் தருகிற 'வாட்டர்' பெயர்ச்சொல். செடிக்கு 'வாட்டர்' பண்ணு என்றால் அதே சொல் வினைச்சொல். காலையில் கத்தியோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகும் பழனியாண்டி, மாசி மாதம் காமன் கூத்தில் ரதியாக ஆடுகிறார். ஆள் ஒருவர்தான். மலையில் அவர் யார், கூத்தில் அவர் யார்?"

மண்டபம் சிரித்தது. மோகனராஜின் முகம் தெளிந்தது. "வாசி, வாசி," என்றார்.

"அண்ணா, இங்கே நிறுத்துங்க," என்று வாசித்தாள் ஷஹ்மா. "பின் வரிசையைப் பாருங்க. சிரிச்சிருந்தா விளங்கியிருக்கு. சிரிக்காட்டி இன்னொரு தடவை சொல்லுங்க. கோபப்பட்டு மார்க்கரை எறியாதீங்க."

சுவரோடு நின்ற யசோதினி நிமிர்ந்தாள். அது சிவப்பு மை.

அது எப்படிப் புத்தகத்துக்குள் போனது என்பது அடுத்த நொடியே அவளுக்கு விளங்கியது. ஃபைலில் வைக்கவென்று சொல்லி அண்ணன் ஷீட்டுகளையெல்லாம் வாங்கிப் போய் போட்டோகொப்பி எடுத்திருந்தார். கொப்பியில் ஏது சிவப்பு, ஏது நீலம்? எல்லாம் ஒரே கறுப்பு. அதைத்தான் அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார். புரூஃப் வந்தபோதும் பார்க்கவில்லை.

ஷஹ்மா தயங்கினாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். மோகனராஜ் என்ன நடக்கிறது என்று விளங்காமல் இன்னும் சிரித்த முகத்தோடு நின்றதால், தொடர்ந்தாள்.

"'ஃபாஸ்ட்' என்ற சொல்லைப் பற்றிப் பிள்ளைங்க கேட்பாங்க. ரயிலும் ஃபாஸ்ட், அது ஓடுறதும் ஃபாஸ்ட், அப்ப இது பெயரடையா வினையடையா என்று. அண்ணா, இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியாது. 'நல்ல கேள்வி, அடுத்த கிழமை பார்ப்போம்' என்று சொல்லிருங்க. நான் எழுதித் தாரேன்."



இருநூறு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். 'நல்ல கேள்வி, அடுத்த கிழமை பார்ப்போம்.' மோகன் சேர் அதைச் சொல்லாத வகுப்பே கிடையாது. அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டாத பிள்ளையும் கிடையாது. ஜன்னலில் இருந்தவன் ஒருவன் சிரித்துச் சிரித்துக் கீழே இறங்கிவிட்டான்.

மோகனராஜ் புத்தகத்தைப் பறித்தார். முகம் கருத்துவிட்டது. "வெளிய போ!" என்றார் ஷஹ்மாவைப் பார்த்து. "எடு உன் பேக்க! இனி என் வகுப்புப் பக்கம் வரக்கூடாது!"

"சேர், நான் வாசிச்சதுதானே..." ஷஹ்மாவின் குரல் உடைந்தது.

"அவ எங்கயும் போக மாட்டா."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. யசோதினி நடந்து வந்தாள்.

"எழுதியிருக்கிறதைத்தானே வாசிச்சா? கோபம்னா எழுதினவகிட்ட காட்டுங்க. நான்தான் எழுதினேன்."

"ஓ! திட்டம் போட்டுச் செஞ்சிருக்க!" மோகனராஜ் பல்லைக் கடித்தார். "இருநூறு பேருக்கு முன்னால அண்ணனை அசிங்கப்படுத்தணும்னு!"

"திட்டம் போட்டிருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பேன்."

மார்க்கர் பறந்து போய்ச் சுவரில் மோதியது. மோகனராஜ் படிகளில் இறங்கும் சத்தம் கீழே வீதி வரைக்கும் கேட்டது.

யசோதினி குனிந்து மார்க்கரை எடுத்தாள். வகுப்பைக் கலைத்து அனுப்பிவிடத்தான் நினைத்தாள். ஆனால் பன்விலக்காரப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகப் பகல் வரைக்கும் பஸ் இல்லை.

"ஃபாஸ்ட்," என்று பலகையில் எழுதினாள். "யாருக்கு வேலை செய்யுதுன்னு பாருங்க. ரயில் எப்பிடிப்பட்ட ரயில்னு சொன்னா அது ரயிலுக்கு வேலை செய்யுது. அப்ப பெயரடை. ஓடுறது எப்பிடின்னு சொன்னா?"

"ஓட்டத்துக்கு வேலை செய்யுது மிஸ்!"

"அப்ப?"

"வினையடை!"

"அவ்வளவுதான். அடுத்த கிழமை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல."

யாரும் சிரிக்கவில்லை. பேனைகள் ஓடும் சத்தம்தான் கேட்டது. ஷஹ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். எட்டுச் சொல்வகையும் முடியும்போது மணி ஒன்று. இறங்கும்போது ஒரு பையன் கேட்டான்: "மிஸ், உங்க முழுப் பேர் என்னா?" ஆறு வருடத்தில் முதல் முறையாக.

அச்சகத்துக்கு அவள் போனபோது மூன்றரை மணி. நாலு மணிக்கு அட்டை மெஷினில் ஏறும் என்று சதீஸ்குமார் சொல்லியிருந்தான். படியேறும்போதே அண்ணனின் குரல் கேட்டது.

"அந்த வரியெல்லாம் எடு!"

"ஏலாது சேர். உள்பக்கம் ஆயிரம் பிரதியும் அடிச்சு முடிஞ்சிட்டுது," என்றான் சதீஸ்குமார். விரல்களில் மை. அவனுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு அடுக்கிய தாள்கள்.

"உனக்கு அறிவில்லையா? 'அண்ணா, உங்களுக்குத் தெரியாது'ன்னு ஒரு இலக்கணப் புத்தகத்துல வருமா?"

"வந்ததை வந்தமாதிரி அடிச்சேன் சேர். ஆறு வருசமா மிஸ்ஸோட டியூட் தாள் எல்லாம் இங்கதான் கொப்பி எடுக்கிறது, அவங்க கையெழுத்து எனக்குத் தெரியும். புத்தகத்துக்குன்னு புதுசா இப்பிடி எழுதியிருக்காங்கன்னுதான் நினைச்சேன். ஒரு தங்கச்சி அண்ணனுக்குப் படிச்சுக்குடுக்கிற மாதிரி." அவன் யசோதினியைப் பார்க்காமல் தாள்களைத் தட்டி நேராக்கினான். "அதான் அந்தப் புத்தகத்தோட அழகு. நான் ரெண்டு தரம் வாசிச்சேன்."

இன்னொரு நாளாக இருந்திருந்தால் யசோதினிக்கு அந்தக் கடைசி வார்த்தை எங்கோ போய்த் தொட்டிருக்கும். இன்று கோபத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனாலும் காதில் விழுந்தது.

"எல்லாத்தையும் எரி," என்றார் மோகனராஜ்.

"எரிங்க," என்றாள் யசோதினி. "எரிச்சிட்டு அடுத்த சனிக்கிழமை என்னத்தை வச்சுப் படிச்சுக்குடுப்பீங்க?"

"இது உன் பேர்ல வந்தா கண்டி முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்!"

"உங்க பேர்ல வந்தா மட்டும்? மோகன் சேர் தனக்குத் தானே 'உங்களுக்குத் தெரியாது'ன்னு எழுதி வச்சிருக்காருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

சதீஸ்குமார் அவசரமாகக் குனிந்து கீழே எதையோ தேடினான்.

மோகனராஜ் மேசையில் ஓங்கி அடித்தார். "புரூஃப்ல நான் கையெழுத்தே போடல! நாவலப்பிட்டி வகுப்புக்குப் போற அவசரத்துல அம்மாகிட்ட குடுத்து, பார்த்தாச்சுன்னு சொல்லிக் குடுத்துருங்கன்னேன். இடையில நீதானே எடுத்து என் கையெழுத்தைப் போட்ட?"

"நான் புரூஃபைக் கண்ணாலயும் பார்க்கல!"

"பொய் சொல்லாத!"

சதீஸ்குமார் அலுமாரியைத் திறந்தான். ஒரு ஃபைலை எடுத்து, புரூஃபின் முதல் தாளை இருவருக்கும் நடுவில் வைத்தான்.

அடியில் ஒரு கையெழுத்து. மோகனராஜுடையதும் இல்லை, யசோதினியுடையதும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, கோடு போட்ட மாதிரி நேராக. 'அன்னலட்சுமி.'

அதற்கு மேலே அதே கையில் இரண்டு வரி.

'தமிழில் உள்ளது எல்லாம் படித்தேன். அண்ணா என்று நாற்பத்தேழு இடத்தில் வருகிறது. ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.'

"புதன்கிழமை மார்க்கட்டுக்குப் போற வழியில வந்தாங்க," என்றான் சதீஸ்குமார் மெல்ல. "மூணு நாள் எடுத்துச்சு தம்பின்னாங்க. அந்தக் கதிரையில இருந்துதான் எழுதினாங்க."

யசோதினி அந்தத் தாளைத் தொட்டாள். வகுப்பு முடியட்டும் என்று காலையில் அம்மா சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது: புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு முன்பே தெரியும்.

மோகனராஜ் அதை மூன்று தரம் வாசித்தார். முகத்தில் இருந்த கோபம் போகவில்லை. அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. முடிவில் கையில் கிடைத்த ஓடர் படிவத்தை இழுத்து, தாள் கிழியும்படி எழுதினார்: 'அட்டையில் என் பெயரும் படமும் வேண்டாம்.' கீழே கையெழுத்து.

"இந்தா! உன் பேரையே போட்டுக்க! பெரிய எழுத்துல போட்டுக்க! ஆனா ஒண்ணு. இனிமேல் என் வகுப்பு வாசல்ல உன்னைப் பார்க்கக்கூடாது. நீ ஆச்சு, உன் புத்தகம் ஆச்சு."

"சரி," என்றாள் யசோதினி.

அந்த ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். வெளியே வீதியில் ஓட்டோவை நிறுத்தி, "மஹய்யாவ!" என்று அவர் கத்தியது மேலே கேட்டது.

யசோதினி படியை நோக்கித் திரும்பினாள். அண்ணனை இந்தக் கோபத்தோடு அம்மா முன்னால் தனியாக விடக்கூடாது.

"மிஸ்." சதீஸ்குமார் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றான். சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு ஐந்து நிமிடம். "நாலு மணிக்கு அட்டை ஏறாட்டி மெஷின் இன்னொரு வேலைக்குப் போயிரும். உங்க பேர் எப்பிடி வரணும்?"

படியைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். பேனையை வாங்கினாள்.

யசோதினி.

"இனிஷல்?"

"முன்னாலயும் ஒண்ணும் வேணாம், பின்னாலயும் ஒண்ணும் வேணாம். இவ்வளவுதான்."

அவள் படி இறங்கியபோது மேலே மெஷின் ஓடத் தொடங்கியது. கைத்தொலைபேசி அடித்தது. அம்மா.

"அம்மா, அண்ணன் அங்கதான் வாராரு, ரொம்பக் கோபமா..."

"தெரியும். ஓட்டோவில இருந்தே போன்ல கத்திட்டான். வரட்டும். கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன்." அம்மாவின் குரலை யசோதினி இத்தனை வருடத்தில் இப்படிக் கேட்டதில்லை. மெதுவாக இருந்தது. அதனால்தான் பயமாக இருந்தது. "பேரு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

"சரி. வரும்போது கடையில ஒரு சிவப்புப் பேனை வாங்கிட்டு வா. அவனுக்கு நானும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு."